இதயத்துக்கு சி.டி. ஸ்கேன் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. மாடி ஏறினால் நெஞ்சை லேசாக அடைக்கிறது. சி.டி. ஆஞ்சியோ எடுக்கச் சொல்கிறார்கள். குழாய் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோவுக்கு இது ஈடாகுமா? - வாசகர், கரூர்

பதில்: ‘அடைப்பு இல்லை’ என்று இந்த ஸ்கேன் சொன்னால் நம்பலாம். ‘இருக்கிறது’ என்றால்தான் யோசிக்க வேண்டும். ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பு, படத்தில் நிஜ அளவைவிடப் பெரிதாகத் தெரிவதால் அடைப்பின் சதவீதம் கூடிப்போகும். கால்சியம் ஸ்கோர் (இந்தச் சுண்ணாம்பின் அளவைச் சொல்லும் எண்) 400-ஐத் தாண்டியவர்களுக்கும், 3 மி.மீ.க்குக் குறைவான விட்டமுள்ள ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் வலைச்சுருள்) வைத்தவர்களுக்கும் இந்தக் குழப்பம் அதிகம்.

படம் கலங்க இன்னொரு காரணம் இதயத் துடிப்பு. நிமிடத்துக்கு 60-65க்குள் இருந்தால் நல்லது. கூடுதலாக இருந்தால் துடிப்பைக் குறைக்க மெட்டோபுரோலால் மாத்திரை தருவார்கள். இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால், ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அன்று காலை காபி, டீ வேண்டாம். ரத்தக்குழாய் விரிந்து தெளிவாகத் தெரிய, நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் கொடுப்பார்கள். முந்தைய ஓரிரு நாளில் வயாகரா வகை மாத்திரை போட்டிருந்தால் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும், மறைத்தால் இரண்டும் சேர்ந்து பி.பி. மளமளவென்று இறங்கிவிடும்.

முழங்கை மடிப்பில் ஊசி போட்டு, சுமார் 50-80 மி.லி. அயோடின் மருந்தை, ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக, வேகமாகச் செலுத்துவார்கள். உடம்பு சுடும், சிறுநீர் பிரிந்துவிட்டதுபோலக்கூடத் தோன்றும். பயப்படாமல், மூச்சைப் பத்து விநாடி அடக்கி அசையாமல் இருந்தால் போதும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளட்டும்.

ஓய்வாக இருக்கும்போதே வலி வந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. நேராக அவசரப் பிரிவுக்குப் போய் இ.சி.ஜி. எடுங்கள்.