மண் மூடிய வயலும் உப்பேறிய வயலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கண்மாய்க் கரை உடைந்து ஒன்றரை ஏக்கர் நெல் வயலை மணல் மூடிவிட்டது. அள்ள அரசு பணம் தருமா? உடனே ஜேசிபி வைக்கலாமா?
– வாசகர், திருப்பாலைக்குடி

பதில்: அளந்து பதிவாகும்வரை ஜேசிபி வேண்டாம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிப்படி, படிந்த மண் 3 அங்குலத்தைத் தாண்டினால்தான் உதவி: சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு 10,900 சொச்சம் வரும். அதே வேலைக்கு வேறு திட்டத்தில் பணம் வாங்கியிருந்தால் கிடையாது.

தகராறு வருவது அந்த 3 அங்குலத்தில்தான். உடைப்பு வாயருகே முழங்கால் அளவு மணல் கிடக்கும். மறுகோடியில் விரற்கடைகூட இருக்காது. நான்கு மூலையிலும் நடுவிலும் மண்வெட்டியால் குழி வெட்டுங்கள். வெளிர்மணலுக்கு அடியில் பழைய கரிசல் கோடு தெரியும். அதுவரை அளவுகோலை நிறுத்தி, சர்வே எண் எழுதிய அட்டையோடு படம் எடுங்கள். வி.ஏ.ஓ.வும் வேளாண் உதவி அலுவலரும் வரும்போது அதே குழிகளைக் காட்டலாம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று கையில் இருக்கட்டும்.

பணம் போதுமா? போதாது. ஒன்றரை ஏக்கரில் 3 அங்குல மண் என்றால் சுமார் 163 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி). மூன்று யூனிட் டிப்பரில் 54 நடை. அந்த 10,900ஐப் பிரித்தால் நடைக்கு 200 ரூபாய்தான் விழுகிறது. அதனால் வெளியே ஏற்றாமல், டிராக்டர் பிளேடால் ஓரத்துக்குத் தள்ளி வரப்பை உயர்த்துவதே கட்டுபடியாகும். கனிமவளத் துறை அனுமதி இல்லாமல் மணலை விற்றால் வழக்குதான் மிஞ்சும். படிந்தது மெல்லிய வண்டல் என்றால் அள்ளவே வேண்டாம், உழுதுவிடுங்கள்.

கேள்வி: கடல்நீர் ஏறி நெல் கருகிவிட்டது. நிலத்தைச் சரிசெய்ய மானியம் உண்டா?
– வாசகர், தொண்டி

பதில்: அந்த 2022-26 நிவாரண விதிப் பட்டியலில் உப்பேறிய நிலத்துக்கென்று தனித் தலைப்பு கிடையாது. பயிருக்கு உண்டு: சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500, பாசனப் பயிருக்கு 17,000 ரூபாய், 2 ஹெக்டேர் வரை. அடங்கலில் பாசன ஆதாரம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று இப்போதே பாருங்கள். மானாவாரி என்று இருந்தால் தொகையில் பாதி போய்விடும்.

நிலத்துக்கு முதல் மருந்து வடிகால். நின்ற நீரை உடனே வெட்டிவிடுங்கள். காயவிட்டால் உப்பு மேலே பூத்துவிடும். மழை பிடித்ததும் வயலைச் சிறு பாத்திகளாக வரப்பிட்டு, நல்ல தண்ணீரை 10 சென்டிமீட்டர் நிறுத்தி, மூன்று நாலு நாளில் வடியுங்கள். இதை மூன்று முறையாவது செய்த பிறகு மண் பரிசோதனை. கார அமிலநிலை (pH) 8.5ஐத் தாண்டினால்தான் ஜிப்சம், அதுவும் பரிசோதனை சொன்ன அளவு. வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் கொட்டுவது பணத்தைக் கொட்டுவதுதான். அடுத்து ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். நெல்லில் உவர் தாங்கும் ரகம் பார்க்கலாம்.

கேள்வி: வெள்ளத்தில் செத்த ஆடுகளைப் புதைத்துவிட்டோம். நிவாரணம் வருமா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: கஷ்டம். அதே 2022-26 விதியில் ஆட்டுக்கு 4,000 ரூபாய் உண்டு, குடும்பத்துக்கு 30 ஆடு வரை. ஆனால் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். காது வில்லையோடு எடுத்த படமும் அக்கம்பக்கத்தார் வாக்குமூலமும் இருந்தால், வி.ஏ.ஓ. மூலம் தாசில்தாருக்கு மனு கொடுத்துப் பாருங்கள்.