வாசகர் கேள்வி–பதில்: மூட்டையில் ஏன் வேறு எண்?

வீட்டு மதிப்பீட்டில் ‘53 கிரேடு சிமெண்ட், ஐ.எஸ். 12269’ என்று இருக்கிறது. வந்து இறங்கிய மூட்டையில் ஐ.எஸ். 269. “இது 33 கிரேடு, திருப்பி அனுப்பிடுங்க” என்கிறார் மேஸ்திரி. என்ன செய்வது?
— ஜெ. மா., கொடுங்கையூர்

அவசரப்பட வேண்டாம். மேஸ்திரி சொல்வது ஒரு காலத்தில் சரிதான். 33 கிரேடுக்கு 269, 43-க்கு 8112, 53-க்கு 12269 என்று மூன்று இந்தியத் தரநிலைகள் (ஐ.எஸ்.) தனித்தனியாக இருந்தன. 2015-ல் மூன்றையும் 269-க்குள் அடக்கிவிட்டார்கள். அதனால் இன்று 269 என்பது ‘சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்’ (ஓ.பி.சி.) என்று மட்டுமே சொல்லும். கிரேடைத் தனியாகத் தேடுங்கள், ‘ஓ.பி.சி. 53’ என்று இருந்தால் நீங்கள் கேட்ட சரக்குதான். 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் வலிமை வர வேண்டும் என்பது அதன் பொருள். திருப்பி அனுப்பக் காரணம் வேண்டுமென்றால் தயாரித்த வாரத்தைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டிய மூட்டையைச் சோதிக்காமல் வாங்காதீர்கள், அதிலும் நம் பக்கத்து உப்புக் காற்றில்.

தவறு மதிப்பீட்டில்தான். பழைய எண்ணை அப்படியே நகலெடுத்துக்கொண்டே போகிறார்கள். இந்தத் தரநிலைகளை வெளியிடும் மத்திய அரசு அமைப்பான பி.ஐ.எஸ்.-ன் இணையதளத்தில் ‘நோ யுவர் ஸ்டாண்டர்ட்ஸ்’ பகுதியில் எண்ணைப் போட்டால், அது நடப்பில் இருக்கிறதா, விலக்கப்பட்டதா, எத்தனை திருத்தங்கள் என்று வந்துவிடும். முன்பு காசு கொடுத்து வாங்கிய இந்தியத் தரநிலைகளை இப்போது பதிவு செய்துகொண்டு இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எண்ணோடு ஆண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: 269:2015.

ஐ.எஸ்.ஐ. என்ற அமைப்பே இல்லை என்கிறார்கள். பிறகு முத்திரை மட்டும் எப்படி வருகிறது?
— வா. கு., தண்டையார்பேட்டை

அமைப்புக்குப் பெயர் மாறிவிட்டது, முத்திரைக்கு மாறவில்லை. இந்தியன் ஸ்டாண்டர்ட்ஸ் இன்ஸ்டிடியூஷன் 1947 ஜனவரி 6-ல், சுதந்திரத்துக்கும் முன்பே, தொடங்கியது. தரநிலை எண் 1 எது தெரியுமா? தேசியக் கொடி, 1951. முத்திரை வழங்கும் அதிகாரம் 1952 சட்டத்தில் கிடைத்தது. 1987 ஏப்ரல் 1 முதல் அதுவே பி.ஐ.எஸ்.; இப்போது நடப்பது 2016 சட்டம். தென்மண்டல அலுவலகம் தரமணியில்.

போலி முத்திரையைப் பிடிப்பது சுலபம். மேலே ஐ.எஸ். எண், கீழே ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் 7 அல்லது 10 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போடுங்கள். நிறுவனம், பொருள், உரிமத்தின் நிலை மூன்றையும் பாருங்கள். எண் உண்மையாகவே இருக்கும், ஆனால் வேறொரு பொருளுக்கு வாங்கியதாக இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

இறால் ஏற்றுமதி செய்ய நினைக்கிறேன். வெளிநாட்டு விதிகளை எங்கே கேட்பது?
— செ. ரா., காசிமேடு

உலக வர்த்தக அமைப்பு 1995-ல் வந்தபோதே, ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் தொழில்நுட்ப விதிகளுக்கு ஒரு விசாரணை மையம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள். இந்தியாவில் அது பி.ஐ.எஸ். புது விதி கொண்டுவரும் நாடு முன்கூட்டியே அறிவித்து, கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் தர வேண்டும். ஆனால் உங்களுக்கு அந்த ஒரு வாசல் போதாது. பெட்டியின் அளவு, தரக் குறியீடு போன்றவை இந்த ஒப்பந்தத்தில் அடங்கும். இறாலில் ஆன்டிபயாடிக் எச்சம், கிருமி பற்றிய விதிகள் எஸ்.பி.எஸ். (உணவுப் பாதுகாப்பு, விலங்கு–தாவர நலம்) என்ற வேறு ஒப்பந்தத்தின் கீழ் வருபவை. அதற்கு விசாரணை மையமும் வேறு. சரக்கு திரும்பி வருவது பெரும்பாலும் இரண்டாவதில்தான், அதை முதலில் விசாரியுங்கள்.