கோட்டையை இடிப்பார்களா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வருகிற மே மாதம், பள்ளிக்கூட லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அவளுக்கு ஏழு வயது. என் அண்ணன் மகன் சின்ன வயதில் அங்கே யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சினிமா பார்க்கில், மடகாஸ்கர் கார்ட்டூன் படத்தை வைத்து விட்ட படகில் போன போட்டோ எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து, தானும் அந்தச் சிங்கத்தைப் பார்க்கப் படகில் போகவேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். இப்போது விசாரித்தால் படகையே எடுத்துவிட்டார்களாம். அந்த இடத்துக்கு மினியன், அதான் அந்த மஞ்சள் கார்ட்டூன் குட்டிகள், வந்துவிட்டதாம். இரண்டு நாளாக அழுகை.

மடகாஸ்கர் மூன்றாம் பாகம் நன்றாகத்தானே ஓடியது? ஓடின படத்தின் படகை ஏன் எடுத்தார்கள்? ஷ்ரெக் ஐந்தாம் பாகம் வரப்போகிறது என்கிறார்கள். அது ஊத்திக்கொண்டால் அந்தப் பார்க்கில் இருக்கும் ஷ்ரெக் கோட்டையையும் இடித்துவிடுவார்களா? அப்படியென்றால் இந்த வருஷமே போய்விடுவோம், தள்ளிப்போட வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லவேண்டும். நீங்கள் சினிமா பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். பெயர் போடவேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

கோட்டையை இடிக்க மாட்டார்கள். இது என் கணிப்புதான், ஆனாலும் தைரியமாகச் சொல்வேன். டிக்கெட் விலை பார்த்து, லீவு பார்த்துப் போங்கள். ஷ்ரெக்கைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டியதில்லை.

அந்தக் கோட்டையின் கதையே உங்கள் கேள்விக்குப் பாதி பதில். 2001ல் வந்த முதல் ஷ்ரெக் படத்திலும் கோட்டைகள் உண்டு. ஆனால் சிங்கப்பூரில் 40 மீட்டர் உயரத்துக்கு எழுப்பியிருக்கிறார்களே, அது அதில் இல்லை. ‘ஃபார் ஃபார் அவே’ என்ற ராஜ்ஜியமே 2004ல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் வருகிறது. பூட்ஸ் போட்ட பூனையும் அதில்தான் அறிமுகம். அந்த வருஷம் உலகத்திலேயே அதிகம் வசூலித்த படம் அது. பிறகு 2007ல் மூன்றாவது, 2010ல் நான்காவது. விமர்சகர்கள் இரண்டுக்கும் உதட்டைப் பிதுக்கினார்கள். சிங்கப்பூர் பார்க் திறந்ததும் அதே 2010ல்தான். தொடருக்கு மவுசு குறைகிறது என்று எல்லோரும் எழுதிய வருஷத்தில்தான் கோட்டை வாசலைத் திறந்தார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பூனைக்குத் தனியாக ஒரு ரோலர் கோஸ்டரும் வந்தது.

அதனால் நான் பார்க்கிற கணக்கு வேறு. இரண்டாம் பாகம் நல்ல படமா மோசமான படமா என்பதைவிட, போய் நிற்கலாம் போல ஓர் ஊரைக் காட்டியதா என்பதுதான் பார்க்குக்கு முக்கியம். கதை எத்தனை உருக்கமாக இருந்தாலும் அதைச் சிமெண்டில் கட்ட முடியாது. தெருவும் கடையும் கோபுரமும் இருந்தால் கட்டலாம்.

நம் பக்கமே பாருங்கள். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் எத்தனை வீடுகளில் ஷூட்டிங் நடந்திருக்கிறது! வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வளவில், அதாவது உள்முற்றத்தில், நிற்கும் தேக்குத் தூணில் கை வைத்து போட்டோ எடுத்துக்கொண்டே, “இது அந்தப் படத்துல வந்த வீடுதானே?” என்று கேட்கிறார்கள். அந்தப் படம் நூறு நாள் ஓடியதா, ஒரே வாரத்தில் பெட்டி திரும்பியதா என்று ஒருவராவது கேட்டு நான் பார்த்ததில்லை. தேக்கைக் கொண்டுவந்த பர்மா வியாபாரமே கைவிட்டுப் போய் எண்பது வருஷமாகிறது. தூண் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு தொழிலும் நம் ஊருக்கு வருஷா வருஷம் வருகிறது. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவில் மாசி-பங்குனித் திருவிழா சமயத்தில் ராட்டினங்கள் வந்து இறங்கும். கொலம்பஸ், டோரா டோரா, ராட்சத ராட்டினம் எல்லாம் பெரியவர்களுக்கு. ஓரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்று எட்டுப் பெட்டி வைத்துச் சுற்றும் ஒரு ராட்டினம் இருக்கும். அந்த ஓரத்தில்தான் நான் அதிக நேரம் நிற்பேன், ஏறுகிற வயது போய் ஐம்பது வருஷமானாலும்.

ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு முகம் வரைந்திருப்பார்கள். போன தடவை ஒன்றில் சோட்டா பீம். இன்னொன்றில் டோரேமான், அதன் நீலம் உரிந்த இடத்தில் அடியிலிருந்து ஒரு மஞ்சள் காது எட்டிப் பார்த்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய பிகாச்சு. மூன்றாவது பெட்டியில் வெள்ளைப் பின்னலோடு ‘ஃப்ரோசன்’ படத்து எல்சா. வரைந்தவர் கை சும்மா இருக்கவில்லை, நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டார். பார்க்க எல்சா மாதிரியும் இருந்தது, காலண்டர் ஆண்டாள் மாதிரியும் இருந்தது.

ராட்டினக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்த முகத்தை வைப்பது, எதை அழிப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்? ஓடின படத்தைப் பார்த்தா?

“படத்தை யாருண்ணே பாக்குறா? எந்தப் பெட்டில ஏறணும்னு புள்ளைக அடிச்சுக்கிருதுகளோ அது இருக்கும். காலியா சுத்துற பெட்டிக்கு மறுவருஷம் பெயிண்ட்டு. ஒரு டப்பா, ஒரு பகல். அம்புட்டுத்தான்.”

ஒரு டப்பா பெயிண்டும் ஒரு பகலும் போதும் என்பதால் அவர் வருஷா வருஷம் பிள்ளைகள் பின்னாலேயே ஓடமுடிகிறது. பெரிய பார்க்குகளுக்கு அந்த வசதி கிடையாது. ஷாங்காய் டிஸ்னியில், ‘ஸூட்டோபியா’ கார்ட்டூன் படத்தில் வரும் மிருகங்களின் ஊரைக் கட்டப்போவதாக 2019ல் அறிவித்தார்கள். திறந்தது 2023 டிசம்பர் 20. ஒரு படம் நல்லதா கெட்டதா என்ற சண்டை மூன்று வாரத்தில் அடங்கிவிடும். கட்டுவதற்கோ நாலு வருஷம், ஐந்து வருஷம். இந்த இரண்டு கடிகாரமும் சேர்ந்து ஓடவே ஓடாது. ஸூட்டோபியா விஷயத்தில் ஊரைக் கட்டித் திறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான், 2025 நவம்பரில், இரண்டாம் பாகமே வந்தது. சீனாவில் அது கொட்டிய பணம் தனிக்கதை. முதல் படத்தை நம்பிக் கட்டிய ஊருக்கு அது போனஸ்.

இரண்டாம் பாகம் கெட்ட பெயர் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ‘கார்ஸ்’ படத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. முதல் படம் 2006. மறு வருஷமே கலிஃபோர்னியா டிஸ்னி பார்க் ஒன்றில் அதற்கென்று ஒரு பகுதி கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே, 2011 ஜூனில், இரண்டாம் பாகம் வந்தது. அதை எடுத்த பிக்சார் கம்பெனி அதுவரை அப்படித் திட்டு வாங்கியதில்லை. ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. 2012 ஜூன் 15ல் கார்ஸ் லேண்ட் திறந்தது. கூட்டம் அப்படியே அம்மியது. அந்தப் பார்க்குக்கே மறுவாழ்வு கொடுத்தது அதுதான் என்று இன்றும் சொல்கிறார்கள்.

உள்ளே என்ன கட்டினார்கள் என்று பாருங்கள். முதல் படத்தில் வரும் ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ், நெடுஞ்சாலை ஓரத்துக் கிராமம். டீக்கடை மாதிரி ஒரு கடை, டயர் கடை, பின்னால் சிவந்த மலை. இரண்டாம் பாகம் ஜப்பான், இத்தாலி, இங்கிலாந்து என்று ஓடோடிப் பந்தயம் விட்டது. அதில் ஓரிடம்கூட மனதில் தங்கவில்லை, பார்க்குக்கும் வரவில்லை. மோசமான இரண்டாம் பாகத்தை முதல் பாகத்தின் ஊர் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. 2025 ஜூலையில் ஃபுளோரிடா டிஸ்னி பார்க்கில் 1971லிருந்து இருந்த ஆற்றையும், அதில் ஓடிய நீராவிப் படகையும் மூடிவிட்டார்கள். எதற்கு? கார்ஸ் கட்டுவதற்கு. கடைசி கார்ஸ் படம் வந்து எட்டு வருஷமாகியிருந்தது. ஆறு போனதற்கு அங்கே பலர் அழுதார்கள். உங்கள் மகள் மட்டுமில்லை.

படகுக்கு வருகிறேன். மடகாஸ்கர் மூன்றாம் பாகம் 2012ல் வந்தது. நீங்கள் சொல்வது சரி, நன்றாக ஓடியது. மூன்றிலும் நல்ல பெயர் வாங்கியதும் அதுதான். 2014ல் பென்குவின்களை வைத்து ஒன்று வந்தது, அத்தனை சோபிக்கவில்லை. அதற்குப் பிறகு தியேட்டருக்கு மடகாஸ்கர் வரவேயில்லை. சிங்கப்பூரில் படகை நிறுத்தியது 2022 மார்ச்சில். மூன்றாம் பாகத்தை ஏழு வயதில் பார்த்த பிள்ளைக்கு அப்போது பதினேழு. உங்கள் அண்ணன் மகனுக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதான் இருக்கும். அவன் இப்போது அந்தப் படகில் ஏறுவானா? மாட்டான். உங்கள் மகள் ஏறுவாள், ஃபிரிட்ஜில் அந்தப் போட்டோ இருப்பதால். மற்ற வீட்டு ஃபிரிட்ஜில் அது இல்லையே.

மினியன் பக்கம் வாருங்கள். படங்கள் வந்த வருஷம்: 2010, 2013, 2015, 2017, 2022, 2024. நடுவில் கொரோனா சமயத்தைத் தவிர்த்தால், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒன்று வந்துகொண்டே இருந்திருக்கிறது. 2015ல் வந்ததை விமர்சகர்கள் பெரிதாகக் கொண்டாடவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை, பேரனோடு போய்ப் பாதியில் தூங்கிவிட்டேன். வசூல் நூறு கோடி டாலருக்கு மேல். படம் சுமாராக இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு புது வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். 2025 பிப்ரவரி 14ல் மடகாஸ்கர் இருந்த இடத்தில் மினியன் லேண்ட் திறந்தது. கம்பெனி மனதில் என்ன கணக்கு போட்டார்கள் என்பது அவர்கள் பாடு. நான் ராட்டினக்காரர் கணக்கில் சொல்கிறேன்: காலியாகச் சுற்ற ஆரம்பித்த பெட்டி அது.

அப்படியென்றால் படத்தின் பெயர் கெடுவதால் ஒன்றுமே ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும், இன்னும் கட்டாததற்கு. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் பழைய நீர்மூழ்கிப் படகுகளை 1998ல் நிறுத்தினார்கள். 2001ல் வந்த ‘அட்லாண்டிஸ்’ படத்தை வைத்து அதை மறுபடி ஓட்டும் யோசனை இருந்தது. படம் எடுபடவில்லை, யோசனையும் தண்ணீருக்குள் போயிற்று. கடைசியில் 2007ல் ‘ஃபைண்டிங் நீமோ’ படத்து நீமோ மீன் வந்துதான் அந்தப் படகுகளை எழுப்பியது. காகிதத்தில் இருக்கும்வரை ஒரு வெள்ளிக்கிழமை வசூல்கூட ஆளைக் கொல்லும். கான்கிரீட் விழுந்த பிறகு கதை வேறு.

சில சமயம் பெரியவர்களும் ராட்டினக்காரர் வழிக்கு வருகிறார்கள். ஃபுளோரிடா டிஸ்னியில் நார்வே நாட்டைக் காட்டும் ஒரு படகு 1988லிருந்து ஓடியது. ‘ஃப்ரோசன்’ வந்து உலகமே அதைப் பாடியதும், 2014ல் நிறுத்தி, அதே கால்வாயில் எல்சாவையும் ஆனாவையும் உட்கார வைத்து 2016ல் திறந்தார்கள். பழைய பெட்டி, புதுப் பெயிண்ட். அதற்கே இருபது மாதம்! மற்றபடி அணிவகுப்பு, வேஷம் போட்டு வந்து கைகொடுக்கிறவர், பொம்மைக் கடை இவையெல்லாம் புதுப்படத்துக்கு ஏற்ப வருஷத்துக்கு வருஷம் மாறும். ஷ்ரெக் ஐந்தாம் பாகம் ஊத்திக்கொண்டால் கடையில் சட்டை குறையலாம், உள்ளே போடும் காட்சி மாறலாம். அதற்கு மேல் இல்லை. ஆர்லாண்டோ யுனிவர்சல் பார்க்கில் 2003லிருந்து ஓடிய ஷ்ரெக் காட்சியை 2022ல் மூடி, அங்கேயும் மினியனைத்தான் வைத்தார்கள். ஆனால் இரண்டே வருஷத்தில், 2024ல், பிள்ளைகள் விளையாடும் பகுதியில் ஷ்ரெக்கின் சேற்றுக்காடு திரும்பி வந்துவிட்டது. இத்தனைக்கும் புதுப்படம் வரவில்லை, 2027க்கு என்று அறிவிப்புதான்.

ஆகவே வீட்டுக்காரரிடம் அவசரப்படுத்த வேண்டாம். மகளின் அழுகையை நிறுத்த, படகு இருந்தாலும் இருக்கும் என்று ஆசை காட்டிக் கூட்டிப் போகாதீர்கள். இங்கேயே அழுது தீர்க்கட்டும். வாசலில் வந்து அழுதால் அந்த ஊர் விலையில் மினியன் பொம்மை வாங்கித்தான் சமாதானம் செய்யவேண்டியிருக்கும்.

இன்னொன்று. அந்த எட்டுப் பெட்டியில் ஆறாவதில் ஒரு சிங்கம் இருந்தது. பிடரி புசுபுசுவென்று, வாய் நிறையச் சிரிப்போடு. மடகாஸ்கர் சிங்கம் என்றுதான் ராட்டினக்காரர் சொன்னார். எனக்கென்னவோ அம்மன் வாகனத்துச் சிங்கம் போலத்தான் பட்டது. நான் பார்த்த அன்று அந்தப் பெட்டியில் யாரும் ஏறவில்லை. பங்குனியில் அவர் மறுபடி வருவார், பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் எட்டும் தூரம்தான். பெயிண்ட் அடித்திருக்கிறாரா என்று முதல் நாளே போய்ப் பார்த்து எழுதுகிறேன்.