ஊர் முழுவதற்கும் ஏன் மாத்திரை?

கேள்வி: எத்தியோப்பியாவில் டிரக்கோமா என்னும் கண்நோயைத் தடுக்க, நோயில்லாதவர்கள் உட்பட ஊரார் அனைவருக்கும் மாத்திரை கொடுக்கிறார்களாம். நோயுள்ளவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா? அந்நோயால் போன பார்வை திரும்புமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது. டிரக்கோமா ஒருவகை பாக்டீரியாவால் வருவது; சிறுபிள்ளைகளின் கண் பீளையிலும் மூக்குச் சளியிலும் இருந்து கைக்கும் துணிக்கும் ஈக்கும் தொற்றிப் பரவுவது. வெளிப்பார்வைக்கு நலமாக இருக்கும் பிள்ளையிடமும் கிருமி இருக்கக்கூடும் என்பதால், கண் சிவந்த பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்தால், கூடவே படுத்துறங்கும் தம்பி தங்கையரிடமிருந்து அது மீண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆகவேதான், நோய் மிகுந்த ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் அசித்ரோமைசின் என்னும் பாக்டீரியாக் கொல்லி மருந்தைக் கொடுக்கிறார்கள். மருந்தின் அளவை அறியப் பிள்ளைகளை எடை போடுவதில்லை. கோடுகள் குறித்த ஒரு கம்பத்தின் அருகில் நிறுத்தி, தலை எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதற்குரிய அளவு மருந்தைப் புகட்டுகிறார்கள். ஆறு மாதம் நிரம்பாத சிசுக்களுக்கு டெட்ராசைக்ளின் கண் களிம்பு.

ஆனால் மருந்து மட்டும் இந்நோயை விரட்டிவிடாது. எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் பல ஆண்டுகள் தொடர்ந்து மருந்து கொடுத்தும் சில மாவட்டங்களில் நோய் விடாமல் நிற்கிறது. பிள்ளைகளின் கண்ணை மொய்க்கும் ஈ, திறந்த வெளியில் கிடக்கும் மனித மலத்தில் முட்டையிடுவது. குழிக் கழிப்பறையில் அது பெருகுவதில்லை. முகம் கழுவ ஒரு கை நீர் போதும் என்றாலும், நெடுந்தொலைவு நடந்து குடத்தில் சுமந்து வரும் நீரில் குடிக்கவும் சமைக்கவும் எடுத்தது போக எவ்வளவு மிஞ்சும்? தாய்மார்களின் அறியாமையே காரணம் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊருக்குள் குழாயும் கிணறும் வராமல் சுத்தத்தைப் போதிப்பது நியாயமாகாது. அறுவை சிகிச்சை, மருந்து, முகத் தூய்மை, சுற்றுப்புறச் சீர்திருத்தம் ஆகிய நான்கையும் சேர்த்தே செய்ய வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுவதன் காரணமும் இதுவே.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பிள்ளைப் பருவம் முதல் திரும்பத் திரும்பத் தொற்று ஏற்பட்டவர்களுக்கு மேல் இமையின் உட்புறம் தழும்பேறிச் சுருங்கி, இமைமயிர் உள்நோக்கித் திரும்பிவிடும். பிறகு ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் அது கருவிழியை உராயும். பிள்ளைகளோடு எந்நேரமும் இருப்பவர்கள் என்பதால், இந்தக் கொடுமைக்கு ஆண்களைவிடப் பெண்களே அதிகம் ஆளாகிறார்கள். அடுப்புப் புகையில் அவ்வலி இரட்டிப்பாவதால், முள்வாங்கி போன்ற சிறு இடுக்கியால் அம்மயிரைத் தாமே பிடுங்கிக்கொள்ளும் பெண்கள் அங்கே ஏராளம். பிடுங்கிய மயிரோ மீண்டும் குத்தலாக முளைக்கிறது.

இமையைக் கீறி வெளிப்புறமாகத் திருப்பித் தைக்கும் அறுவை சிகிச்சையைப் பயிற்சி பெற்ற செவிலியர்களே, இமையை மட்டும் மரக்கச் செய்து, ஊர்ச் சுகாதார நிலையத்தில் செய்துவிடுகிறார்கள். உராய்வும் வலியும் நிற்கும். எஞ்சியிருக்கும் பார்வை காக்கப்படும். ஆனால் கருவிழி வெளுத்துப் போனதால் இழந்த பார்வையை இந்த அறுவை மீட்டுத் தராது. அதனால்தான், பார்வை போகும் முன்பே, ஆப்பிரிக்க நாடான கானாவில் இமை திரும்பியவர்களை வீடு வீடாகத் தேடிச் சென்று சிகிச்சைக்கு அழைத்து வந்தார்கள். டிரக்கோமாவைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிய நாடாக 2018இல் கானாவும் 2024இல் இந்தியாவும் அங்கீகரிக்கப்பட்டன.