முதல் யார்? போட்ட முதல் யாருடையது?

கேள்வி: கோவை வெரைட்டி ஹால்தான் தென்னிந்தியாவின் முதல் தியேட்டர் என்கிறோம். சென்னை நண்பர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். தீர்ப்புச் சொல்லுங்கள். அப்படியே அதன் வரலாற்றையும் நாலு வரி எழுதுங்கள்.
- கோவை வாசகர் ஒருவர்

பதில்: மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வந்துவிடுகிறது. எங்கள் ஊரில்தான் முதல் அச்சகம், முதல் சோடா, முதல் மின்விசிறி! அடைமொழிகளைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டால் யாரும் எதிலும் முதலாக வந்துவிடலாம். இந்த அலுவலகத்தில், சன்னலோர மேசையில், தேநீர் ஆறுவதற்குள் கேள்வி-பதில் எழுதி முடித்த முதல் ஆசிரியர் நான்தான். கல்வெட்டு வைக்க யாராவது முன்வந்தால் இடம் காட்டுகிறேன்.

தீர்ப்பு உங்களுக்குப் பாதகம். சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் எலெக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கியது 1913இல். வெரைட்டி ஹால் 1914இல்தான் வந்தது. 'தென்னிந்தியர் ஒருவர் கட்டிய' என்று செருகிப் பார்க்கலாம். அங்கே சென்னையில் கெயிட்டி தியேட்டரைக் கட்டிய ரகுபதி வெங்கய்யா குறுக்கே நிற்பார். சென்னை நண்பர்களும் ரொம்பத் துள்ள வேண்டாம். கெயிட்டியை இடித்தாயிற்று. எலெக்ட்ரிக் தியேட்டரோ தபால் துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. படம் ஓடிய இடத்தில் தபால் தலை விற்கிறார்கள்.

தவிர, 'முதல்' என்ற பெருமை மற்ற இடங்களில் செல்லும். சினிமாக் கொட்டகையில் செல்லாது. கச்சேரியில் முதல் வரிசை என்றால் பெரிய மனிதர். கொட்டகையில் முதல் வரிசை என்றால் தரை டிக்கெட். நானே அந்தப் பிரமுகர்களில் ஒருவனாக இருந்தவன். மணலைக் குவித்து மேடு செய்து அதன்மேல் உட்காருவேன். பின்னால் இருப்பவனுக்குத் திரை மறையும். அவன் இன்னும் உயரமாகக் குவிப்பான். படம் முடியும்போது கடைசி ஆள் கிட்டத்தட்ட பெஞ்சு டிக்கெட்டின் உயரத்துக்கு வந்திருப்பான், காசு கொடுக்காமலே.

எனக்குப் பிடித்தது 'முதல்' என்பதன் இன்னொரு பொருள். 'வட்டியும் முதலும்' என்கிறோமே, அந்த முதல். வெரைட்டி ஹாலைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் கோவைக்காரர், திருச்சியில் ரயில்வேயில் மாதச் சம்பளத்துக்கு இருந்தவர். 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு அங்கே வந்தார். உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்ப நினைத்தவரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டார் வின்சென்ட். ரயில்வே உத்தியோகத்தை விட்டுவிட்டு, பேசாத படத்தை நம்பிக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். அன்றைக்கு அவர் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அந்த வரலாறுதான் வேண்டும்.

ஒன்பது ஆண்டு அலைந்த பிறகுதான் சொந்த ஊரில் நிலையாக ஒரு கட்டடம். கூடாரத்துக்காரருக்கு இருக்கும் பெரிய வசதி, கூட்டம் குறைந்தால் முளையைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம். செங்கல் வைத்துக் கட்டியவர் எங்கே போவார்? ஊர்தான் அவரிடம் வர வேண்டும், திரும்பத் திரும்ப வர வேண்டும். துணிச்சல் என்றால் அது. பிறகு கல்கத்தாவின் பயனீர் நிறுவனத்தோடு சேர்ந்து 1933இல் 'வள்ளி திருமணம்' எடுத்தார், 1942இல் காலமானார். கொட்டகையும் பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறியது. சாலை மட்டும் மாறவில்லை, இன்னும் வெரைட்டி ஹால் ரோடுதான். தலைவர்களின் பெயரை வைத்த சாலைகளையே ஜனங்கள் பழைய பெயரில் கூப்பிடும் நாட்டில், ஒரு கொட்டகைக்கு இது போதாதா? இதற்கு மேல் 'முதல்' பட்டம் எதற்கு?

பட்டங்களைப் பற்றி இன்னொன்று. மதுரைக்காரர்கள் தங்கம் தியேட்டரை 'ஆசியாவிலேயே பெரியது' என்பார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கைகள் இருந்தன. ஆசியாவை அளந்தவர் யார் என்று ஒருமுறை இதே பக்கத்தில் கேட்டுவிட்டு மூன்று மாதம் வசவு வாங்கினேன். மறுபடி கேட்பதாக இல்லை.

கடைசியாக ஒரு வாக்குமூலம். நான் 'கொட்டகை' என்று எழுதினால் நம் பிழைதிருத்துநர் சத்தமில்லாமல் 'திரையரங்கம்' ஆக்கிவிடுவார். பல ஆண்டுச் சண்டை இது. மேலே எங்காவது அந்தச் சொல் தென்பட்டால் அது என் கைவரிசை இல்லை.