விடையைச் சொல்லிவிடாத புத்தகம்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. நன்றாக வாசிப்பான். 'அறிவியல் உண்மைகள்' வகைப் புத்தகங்களாகவே வாங்கிக் கொடுத்தோம். எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான், 'ஏன் அப்படி?' என்று மட்டும் கேட்பதே இல்லை. யோசிக்க வேண்டிய கணக்கு வந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறான். எப்படிப்பட்ட புத்தகங்களை வாங்குவது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வாசிக்கிற பிள்ளை கிடைத்திருக்கிறான். மாற்ற வேண்டியது புத்தக வகையை மட்டும்தான். உண்மைகளை அடுக்கிக்கொண்டே போகும் புத்தகம் முடிவை மட்டும் சொல்கிறது. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், முதலில் என்ன நினைத்து ஏமாந்தார்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறது. பிள்ளைக்கு நம்புவதைத் தவிர வேறு வேலை இல்லை.

கடையிலேயே நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். 'பூமி உருண்டை' என்று ஒரு வரியில் முடித்திருந்தால் வைத்துவிடலாம். சந்திர கிரகணத்தின்போது நிலவில் விழும் நிழலின் விளிம்பு எப்போதும் வளைந்தே இருக்கிறதே, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டிருந்தால் வாங்குங்கள்.

செய்முறைப் புத்தகங்களிலும் இதே கவனம் தேவை. கிடைக்கப்போகும் முடிவை அதே பக்கத்தில் படமாகப் போட்டுவிட்டால், சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைப்பதுபோல் ஆகிவிடும். 'வெந்நீருக்குப் பதில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால்?' என்று கேட்டுவிட்டுப் பதில் தராமல் விடும் புத்தகமே மேல். மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் பாடப்புத்தகமே அப்படித்தான் இருந்தது. கேள்வியும் செய்முறையும் இருக்கும், விடை இருக்காது. கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்து விடை எழுதினார்கள்.

பிற்காலத்தில் மின்சார ஆராய்ச்சியில் பெயர் பெற்ற விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 14 வயதில், 1805-ல், லண்டனில் ஒரு பைண்டிங் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். அங்கே அவர் கைக்கு வந்த நூல்களில் ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் நூலும் ஒன்று. ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் பேசிக்கொள்வதுபோல எழுதியது. மாணவிகள் சந்தேகம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஃபாரடே படித்ததோடு நிற்கவில்லை. கையிலிருந்த சில்லறைக்குக் கிடைத்த பொருட்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார். சரியாக வந்த பிறகே அந்த நூலை நம்பினார். உங்கள் பையனுக்கு வர வேண்டிய பழக்கம் இதுதான்.

அதனால் வீட்டில் இருக்கிற புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பிரித்துக் காட்டும் படம் அவற்றில் எதிலாவது இருக்கும். 1901-ல் ஜெர்மன் மொழியில் வந்த ஓர் ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதால் பரவிய படம் அது. பஞ்சில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கின் ஓரத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இனிக்கும். அச்சில் வந்த விஷயமும் தப்பாக இருக்கலாம் என்பது அவனுக்கு அன்றைக்கே பிடிபட்டுவிடும்.

கதைப் புத்தகம் வாங்கினால் கடைசி அத்தியாயத்தைப் புரட்டுங்கள். சிக்கலைத் தீர்ப்பது யார்? மந்திரவாதியோ போலீஸ் மாமாவோ வந்து காப்பாற்றினால் வேண்டாம். கதையில் வரும் பிள்ளை ஒரு வழியை முயன்று, சொதப்பி, வேறு வழி தேட வேண்டும். துப்பறியும் கதை என்றால் தடயங்கள் வாசகனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் மாத இதழுக்குச் சந்தாவும் கட்டிவிடுங்கள்.

பென்சிலைக் கீழே வைக்கிற விஷயத்துக்குப் புதிர்ப் புத்தகம் ஒன்று வாங்கி, பின்னால் உள்ள விடைப் பக்கங்களைக் கிளிப் போட்டு மூடிவிடுங்கள். ஒரே புதிர் நான்கு நாள் அப்படியே கிடந்தாலும் பரவாயில்லை. சாப்பிடும்போது நீங்களும் அதில் இறங்குங்கள். உங்களுக்குத் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அம்மா தப்பான வழியில் போய்த் திரும்பி வருவதை அவன் பார்க்கட்டும்.