ஓட்டர் லிஸ்டில் உங்கள் பெயர்: தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் கேள்விகளுக்குப் பதில்

பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் பல ஆண்டுகள் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலையும் பார்த்தேன். அதற்கு முன் சில தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும் இருந்தேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாலக்கோடு: ஐயா, பெங்களூரில் கட்டட வேலை செய்கிறேன். 2025 வாக்காளர் பட்டியல் திருத்தத்தின்போது பி.எல்.ஓ. வந்த நேரம் வீடு பூட்டியிருந்தது. பெயர் போய்விட்டது. மறுபடி சேர்க்க முடியுமா?

முடியும் தம்பி. அந்த டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இரட்டைப் பதிவு எல்லாம் அதில் சேர்த்தி என்றாலும், பெரும்பகுதி ஊர் மாறியவர், வீட்டில் இல்லாதவர் என்று குறிக்கப்பட்டவர்கள். நம் மாவட்டத்தில் பாதி வீடு பிழைப்புக்கு வெளியூர் போய்ப் பொங்கலுக்குத் திரும்பும். கதவு பூட்டியிருந்தால் குடிபோய்விட்டார்கள் என்று எழுதுவது எனக்கு எப்போதும் சரியாகப் பட்டதில்லை. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20-ஆம் பிரிவின்படி, தற்காலிகமாக வெளியே போனவர் அந்த ஊர்க்காரர் என்ற நிலையை இழப்பதில்லை.

படிவம் 6 கொடுங்கள். ஆதாரோடு பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அதையும் வையுங்கள். ஆனால் மனைவி, பிள்ளைகள், ரேஷன் கார்டு எல்லாம் பெங்களூருக்கே மாறியிருந்தால் அங்கே பதிவதுதான் முறை.

அரூர்: என் வீட்டுக்காரர் தவறி மூன்று வருடம் ஆகிறது. பெயர் இன்னும் லிஸ்டில் இருக்கிறது. எடுக்கத்தான் வேண்டுமா?

எடுக்க வேண்டும் அம்மா. உங்களைப்போல் ஒரு அம்மா, பெயர் நீக்கும் படிவம் 7-ஐ நான் நீட்டியதும் பேனாவைக் கையில் வாங்கிவிட்டு வெகு நேரம் எழுதவே இல்லை. ரேஷன் கார்டில் எடுத்தாச்சு, பேங்கில் எடுத்தாச்சு, இது ஒன்றிலாவது அவர் பெயர் இருக்கட்டுமே என்றார். கணவரின் பழைய பூத் சிலிப்பை மஞ்சள் பையில் மடித்து வைத்திருந்தார். அன்று நான் அவரை வற்புறுத்தவில்லை. மறுவாரம் போய், "அவர் பெயரில் வேறு யாரோ வந்து விரலில் மை வைத்துக்கொண்டு போனால் உங்களுக்குப் பொறுக்குமா?" என்று கேட்டேன். உடனே கையெழுத்துப் போட்டார். படிவத்தோடு இறப்புச் சான்றிதழ் நகல் இருந்தால் வேலை சுலபம்.

ஓசூர்: சிப்காட்டில் வேலை. திருவண்ணாமலையில் ஒரு ஓட்டு, இங்கே ஒரு ஓட்டு இருக்கிறது. தப்பா சார்?

தப்புதான். ஒருவருக்கு ஒரு இடம்தான். இரண்டு இடத்தில் போட்டால் இரண்டு ஓட்டுமே செல்லாது. எங்கே குடியிருக்கிறீர்களோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொல்லுங்கள். இனி வீடு மாறினால் படிவம் 8 கொடுங்கள். புதிதாகப் படிவம் 6 எழுதுவதால்தான் இந்த இரட்டைப் பதிவு வருகிறது.

பென்னாகரம்: எங்கள் தெருவில் இருபது பேர் ஊரில் இல்லை என்று யாரோ படிவம் 7 கொடுத்திருக்கிறார்களாம். நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம்.

பயப்படாதீர்கள், ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, உங்கள் பக்கத்தைக் கேட்காமல் பெயரை நீக்கக் கூடாது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரைச் சரியான விசாரணை இல்லாமல் எடுக்கக் கூடாது என்று 1995-இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தவருக்கு அதே 1950 சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இருபது பேரும் சேர்ந்து தாலுகா ஆபீஸ் போய் எழுத்தில் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "பார்த்துக்கொள்கிறோம்" என்பதைக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். அதையும் மீறி நீக்கினால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு. அங்கும் நடக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

தேன்கனிக்கோட்டை: எங்கள் தெலுங்குப் பெயரைத் தமிழில் தப்பாக அடித்திருக்கிறார்கள். ஓட்டுப் போட விடுவார்களா?

ஆள் நீங்கள்தான் என்று தெரிந்தால் சின்ன எழுத்துப் பிழைக்காகத் தடுக்க மாட்டார்கள். படிவம் 8-இல் திருத்திவிடுங்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி: போய் நின்றால் "உங்கள் ஓட்டைப் போட்டாச்சு" என்கிறார்கள். திரும்பி வருவதுதான் வழியா?

திரும்பவே கூடாது. தேர்தல் நடத்தை விதிகளில் 49பி (49P) விதியைச் சொல்லி ஆய்வுக்குரிய வாக்கு கேளுங்கள். மெஷினில் இல்லை, சீட்டில் குத்தி உறையில் வைப்பார்கள். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது, வழக்கு வந்தால்தான் பயன்படும். ஆனாலும் கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கு அதுவே எழுத்துச் சாட்சி.

முன்கூட்டியே தடுக்க பூத் ஏஜெண்டால்தான் முடியும். சந்தேகப்படும் ஆளை 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். உங்கள் தொகுதியில் 2019 மே மாதம் 8 வாக்குச்சாவடிகளுக்கு மறுவாக்குப்பதிவு நடந்தது நினைவிருக்கும். புகார் பதிவாகியிருந்தால்தான் அந்த அளவுக்கு நகரும்.

கோட்டூர் மலை: எங்களுக்குக் கழுதை மேல் மெஷின் வருகிறது. வழியில் மாற்ற மாட்டார்கள் என்று எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும், குறைந்தது 50 ஓட்டு. ஏஜெண்டுகள் எதிரிலேயே எண்ணி, ஒவ்வொரு ஓட்டுக்கும் மெஷின் அச்சிடும் ஒப்புகைச் சீட்டோடு ஒத்துப்பார்ப்பார்கள். பிறகு மெஷினில் இருப்பதை அழித்து, அந்தச் சீட்டுகளின் பின்னால் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட்டு மூடுவோம். ஏஜெண்டு கையெழுத்துப் போட்ட காகித சீலும் மெஷினில் இருக்கும். விடியலில் குளிருக்குப் பயந்து ஏஜெண்டுகள் தாமதமாக வருவது எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம். அந்த நேரம்தான் முக்கியம். மாலையில் 17சி படிவத்தின் நகலைக் கட்டாயம் வாங்கச் சொல்லுங்கள். எத்தனை ஓட்டு விழுந்தது என்பது அதில் இருக்கும். எண்ணும் நாளில் அந்தக் கணக்கோடு ஒத்துப்பார்க்கலாம்.

காரிமங்கலம்: அக்டோபரில் எனக்கு 18 முடிகிறது. அடுத்த ஜனவரி வரை காத்திருக்கணுமா?

இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு தகுதி நாட்கள் உண்டு மகளே. நான்கிலும் 1-ஆம் தேதிதான் கணக்கு. அக்டோபர் 1-க்குள் 18 முடிந்தால் அந்தத் தகுதி நாளிலேயே சேரலாம், 2-ஆம் தேதி என்றால் ஜனவரி. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம் என்பதால் இப்போதே எழுதுங்கள். பதிவு எண்ணைக் குறித்து வைத்து, ஒரு மாதத்தில் நகரவில்லை என்றால் 1950 என்ற உதவி எண்ணுக்குப் போன் போட்டு அந்த எண்ணைச் சொல்லுங்கள்.